நிறுத்தப்பட்ட உதவித்தொகை: அமெரிக்க இயலாமைக் காப்பீட்டில் மேல்முறையீட்டின் வரலாறு (1956–1990)

ஒருவருக்கு மாதந்தோறும் கிடைத்துவரும் உதவித்தொகையை அரசு நிறுத்த நினைக்கிறது. நிறுத்துவதற்கு முன்பே அவரை அழைத்து நேரில் கேட்க வேண்டுமா? நிறுத்திவிட்டு, அவர் முறையிட்டால் பிறகு கேட்டுக்கொள்ளலாமா? ஐக்கிய அமெரிக்காவில் இந்தக் கேள்வியைச் சுற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. முதலில் உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொன்னது. பின்னர் நாடாளுமன்றமான காங்கிரசு வேறொரு விடையைச் சட்டமாக்கியது. இடைப்பட்ட காலத்தில் இலட்சக்கணக்கானோர் உதவித்தொகையை இழந்தார்கள். முறையிட்டவர்களில் பெரும்பாலோர் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரை.

சொல் பற்றி முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் இன்று மாற்றுத்திறனாளி என்ற சொல்லையே அரசும் மக்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் இங்கே பேசப்படும் அமெரிக்கச் சட்டம் உடற்குறையை மட்டும் வைத்து யாருக்கும் தொகை தருவதில்லை. நோயோ குறைபாடோ காரணமாக வேலை செய்து பிழைக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டாரா என்பதையே அது பார்க்கிறது. கண் பார்வை இல்லாத ஒருவர் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்தால் அவருக்கு இந்தத் தொகை இல்லை. அதனால் இங்கே 'இயலாமை' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

திட்டமும் கோப்பும்

அதிபர் ஐசனோவர் 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 அன்று கையொப்பமிட்ட சட்டத்தால் இயலாமைக் காப்பீடு பிறந்தது. தொடக்கத்தில் 50 முதல் 64 வயது வரையிலான தொழிலாளர்களுக்கு மட்டுமே தொகை. 1960இல் அந்தக் கீழ் வயது வரம்பு நீக்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்தும் முதலாளி செலுத்தும் பங்கிலிருந்தும் இதற்கு நிதி வருகிறது. எனவே இது தருமம் அன்று. வேலை செய்த காலத்தில் கட்டிய காப்பீடு. 1972இல் இயற்றப்பட்டு 1974 சனவரியில் நடைமுறைக்கு வந்த இன்னொரு திட்டம், போதிய வேலை வரலாறு இல்லாத ஏழை முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் இயலாதோருக்கும் உரியது.

பணமும் விதிகளும் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துடையவை. ஆனால் ஒருவர் இயலாதவரா என்று முடிவு செய்வது மாநில அரசின் ஒரு முகமை. அமெரிக்க மருத்துவர் சங்கம் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. மத்திய அரசு மருத்துவத்துக்குள் கைவைக்கிறது என்ற அந்த அச்சத்தைத் தணிக்க, மருத்துவர்களோடு ஏற்கெனவே பழகிவந்த மாநில அமைப்புகளிடம் இப்பொறுப்பு விடப்பட்டது.

அந்த முகமையில் ஒரு மருத்துவரும் ஓர் அலுவலரும் உட்கார்ந்து கோப்பைப் படிப்பார்கள். விண்ணப்பித்தவரைப் பார்க்க மாட்டார்கள். மறுப்பு வந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அப்போது வேறு இருவர் அதே கோப்பைப் படிப்பார்கள். அதிலும் தோற்றால் மூன்றாவது கட்டமாக நிர்வாகச் சட்ட நீதிபதி எனப்படுபவர் முன் விசாரணை. அங்கேதான், முதல் தடவையாக, முடிவெடுப்பவர் ஒருவர் முறையிட்டவரின் முகத்தைப் பார்க்கிறார். அவர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார், எத்தனை நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டியதாகிறது, கேள்வி புரிய எவ்வளவு நேரமாகிறது என்பதெல்லாம் அறைக்குள் தெரிந்துவிடும். அதற்கு மேல் மேல்முறையீட்டு அவை. அதற்கும் மேல் மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் 60 நாள் கெடு.

தமிழ்நாட்டில் என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போவது வழக்கம். வரிசையில் நின்று அலுத்துக்கொள்வோம். ஆனாலும் ஆளைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் திட்டத்தில் 1980கள் வரை ஒருவரின் தொகையை நிறுத்த அந்த அளவு முகம் பார்த்தல்கூடத் தேவைப்படவில்லை.

எல்ட்ரிட்ஜ் வழக்கு

1970 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி என்ற நியூயார்க் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்திருந்தது. வறியோருக்கான நலத்தொகையை நிறுத்தும் முன் அவரை நேரில் கேட்டாக வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், எழுத்துமூலம் பதில் கேட்பது படிப்பறிவு குறைந்த ஏழைகளுக்கு நடைமுறையில் உதவாது என்றும் விளக்கினார். வாயால் சொன்னால் சொல்லிவிடுவார்கள், எழுதச் சொன்னால் திணறுவார்கள் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரிந்ததுதான்.

ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் வர்ஜீனியா மாநிலத்துக்காரர். பதற்ற நோய்க்காகவும் முதுகுவலிக்காகவும் 1968 சூனில் அவருக்கு இயலாமைத் தொகை வழங்கப்பட்டது. நீரிழிவும் இருந்தது. 1972 மார்ச்சில் மாநில முகமையிடமிருந்து அவருக்கு வினாப்பட்டியல் ஒன்று வந்தது. உடல்நிலை தேறவில்லை என்று நிரப்பி, தம்மைப் பார்த்துவரும் மருத்துவர்களின் பெயரையும் எழுதி அனுப்பினார். முகமை மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அறிக்கை வாங்கியது. அவற்றைப் படித்துவிட்டு, 1972 மேயோடு உங்கள் இயலாமை நீங்கிவிட்டது, மறுப்பதானால் எழுதுங்கள் என்று மடல் அனுப்பியது. எல்ட்ரிட்ஜ் பதில் எழுதினார். தம் நோயைப் பற்றி அவர்கள் எழுதியதில் ஒரு பிழை இருப்பதாகச் சுட்டினார். தமக்கு இருப்பது முதுகுப் பிடிப்பு அன்று, முதுகெலும்பு வாதம் என்றார். தேவையான சான்றெல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்றும் எழுதினார். சூலையோடு தொகை நின்றது.

அவர் மறுபரிசீலனை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக நீதிமன்றம் போனார். விசாரித்துவிட்டு நிறுத்துங்கள், நிறுத்திவிட்டு விசாரிக்காதீர்கள் என்பதே அவர் வழக்கு. மாவட்ட நீதிமன்றமும் அதற்கு மேலுள்ள முறையீட்டு நீதிமன்றமும் கோல்ட்பெர்க் தீர்ப்பைக் காட்டி அவர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை.

1976 பிப்ரவரி 24 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. புதிதாகப் பதவியேற்றிருந்த ஸ்டீவன்ஸ் பங்கேற்கவில்லை. பெரும்பான்மைக்காக எழுதியவர் லூயிஸ் பவல். அரசு எந்த அளவு விசாரணை நடத்த வேண்டும் என்பதை மூன்று செய்திகளை நிறுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். தனிமனிதருக்கு எவ்வளவு இழப்பு. இப்போதுள்ள முறையில் தவறு நேர எவ்வளவு வாய்ப்பு, கூடுதல் பாதுகாப்பு கொடுத்தால் அது எவ்வளவு குறையும். அரசுக்கு எவ்வளவு செலவும் வேலையும் கூடும். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் துலாக்கோல் இது.

அந்தத் துலாவில் எல்ட்ரிட்ஜின் தட்டு மேலே போயிற்று. இயலாமைத் தொகை வறுமையைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எனவே அது நின்றாலும் நலத்தொகை போன்ற வேறு உதவிகளை நாடலாம் என்றார் பவல். இங்கே முடிவு பெரும்பாலும் மருத்துவ அறிக்கைகளை வைத்து எடுக்கப்படுகிறது, சாட்சியின் நம்பகத்தன்மையை நேரில் பார்த்து எடைபோட வேண்டிய தேவை குறைவு என்றார். கடைசியில் வென்றால் நிலுவை முழுவதும் கிடைக்குமே என்பதும் ஒரு காரணம். அந்தக் 'கடைசி' வர ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது.

தவறு எத்தனை நேர்கிறது என்பதற்கு இரு தரப்பும் புள்ளிவிவரம் கொடுத்திருந்தன. மறுபரிசீலனையிலும் தோற்று மேலே முறையிட்டவர்களில் 58.6 விழுக்காட்டினருக்கு முடிவு மாறியது என்றது ஒரு கணக்கு. நிறுத்தப்பட்ட எல்லோரையும் அடிப்படையாக எடுத்தால் மாறியவர்கள் 3.3 விழுக்காடே என்றது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே மக்களைப் பற்றியவைதாம். இடையிலுள்ள பெரும்பள்ளம், முறையிடாமலே விட்டுவிட்டவர்களால் வந்தது. அவர்கள் உண்மையிலேயே தேறியவர்களா, மடலைப் படித்துத் துவண்டுபோனவர்களா என்பதை இந்த எண்களிலிருந்து அறிய முடியாது. வெறும் எண்ணிக்கையால் நியாயத்தை அளந்துவிட முடியாது என்று சொல்லி நீதிமன்றம் கடந்துபோயிற்று. என் பார்வையில் இந்த வழக்கின் உயிர்நாடி இந்த இடம்தான்.

மாறுபட்ட தீர்ப்பை பிரென்னன் எழுத, தர்குட் மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். வேறு உதவி கிடைக்கும் என்பது ஊகம் என்றார் பிரென்னன். தொகை நின்றதால் எல்ட்ரிட்ஜின் வீடு கடனில் போனதையும், தவணையில் வாங்கிய தட்டுமுட்டுச் சாமான்களைக் கடைக்காரர் எடுத்துப்போனதையும், குடும்பம் முழுவதும் ஒரே கட்டிலில் படுக்க நேர்ந்ததையும் அவர் பதிவு செய்கிறார்.

1981: மறுஆய்வு வெள்ளம்

பட்டியலில் தகுதியற்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற பேச்சு 1970களின் பிற்பகுதியில் வலுத்தது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை தொகை வழங்கிவிட்டால் பிறகு யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்த கோப்புகள் ஏராளம். அதிபர் கார்ட்டர் காலத்தில், 1980 சூனில் வந்த சட்டம், நிரந்தர இயலாமை இல்லாத ஒவ்வொருவரின் கோப்பையும் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்க வேண்டும் என்றது. 1982 சனவரியில் தொடங்கினால் போதும். ஆனால் புதிதாக வந்த ரீகன் நிர்வாகம் 1981 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. பட்டியலில் ஐந்தில் ஒருவர் வரை தகுதியற்றவராக இருக்கலாம் என்று அரசுத் தணிக்கை அலுவலகம் கொடுத்த மதிப்பீடு அதற்கு உரமாயிற்று.

மாநில முகமைகளில் கோப்புகள் குவிந்தன. பழைய கோப்பைத் திறந்து, அன்று இவருக்கு ஏன் தொகை கொடுத்தோம், அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவரையும் புது விண்ணப்பதாரர் போல வைத்து, இப்போதைய கடுமையான அளவுகோலில் அளந்தார்கள். அதனால் உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லாதவர், பத்தாண்டுக்கு முன் அதே அரசு இயலாதவர் என்று ஒப்புக்கொண்டவர், இப்போது வேலை செய்யத் தக்கவர் ஆகிவிட்டார். மூன்று ஆண்டுகளில் சுமார் 12 இலட்சம் கோப்புகள் பார்க்கப்பட்டன. சுமார் 4,90,000 பேருக்கு நிறுத்த மடல் போனது. தொகையோடு, அதைச் சார்ந்த மருத்துவக் காப்பீடும் போகும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மிகவும் அடிபட்டவர்கள் மனநோயாளிகள். பட்டியலில் அவர்கள் பங்கு சிறிது. நிறுத்தப்பட்டவர்களில் அவர்கள் பங்கு பெரிது. இதில் வியப்பில்லை. வினாப்பட்டியலை நிரப்புவது, மருத்துவரின் பெயரும் தேதியும் எழுதுவது, கெடுவுக்குள் அஞ்சலில் சேர்ப்பது எல்லாம் எந்த நோய் ஒருவரை முடக்கியதோ அந்த நோயே செய்யவிடாத வேலைகள்.

முறையிட்டவர்கள் கதை வேறாக இருந்தது. நிர்வாகச் சட்ட நீதிபதி முன் போய் உட்கார்ந்தவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வென்றார்கள். மொத்தத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முறையீட்டின் மூலம் தொகையைத் திரும்பப் பெற்றார்கள்.

அவர்களில் ஒருவர் ராய் பெனவிடெஸ். வியட்நாம் போரில் உடல் முழுவதும் காயம்பட்டும் தோழர்களைக் காப்பாற்றியவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை 1981 பிப்ரவரி 24 அன்று ரீகன் தாமே அவருக்கு அணிவித்தார்; எல்ட்ரிட்ஜ் தீர்ப்பு வந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த நாள். இரண்டு ஆண்டு கழித்து அதே ரீகனின் நிர்வாகம், உங்களால் வேலை செய்ய முடியும் என்று அவருக்கு மடல் அனுப்பியது. இதயத்தில் குண்டுச் சில்லுகள் தங்கியிருந்த மனிதர் அவர். 1983 சூனில் பிரதிநிதிகள் அவைக் குழு ஒன்றின் முன் அவர் சாட்சியம் சொன்னார், செய்தித்தாள்கள் எழுதின. முறையீட்டில் வென்று தொகையைத் திரும்பப் பெற்றார். பதக்கம் இல்லாத மற்றவர்களுக்காகவும் அவர் பேசியதாலேயே அந்தச் சாட்சியம் நினைவுகூரப்படுகிறது.

நீதிமன்றங்களும் மாநிலங்களும்

முறையீடுகள் மேலே மேலே ஏறிப் பல்லாயிரம் வழக்குகளாக மத்திய நீதிமன்றங்களில் தேங்கின. கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட முறையீட்டு நீதிமன்றம், உடல்நிலை தேறியதற்குச் சான்று இல்லாமல் தொகையை நிறுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? வழக்குப் போட்டவருக்கு மட்டும் தீர்ப்பின்படி நடப்போம், அதே வட்டாரத்தின் மற்றவர்களுக்குப் பழைய விதிதான் என்று எழுத்திலேயே அறிவித்தது. வழக்குப் போட முடிந்தவருக்கு ஒரு சட்டம், முடியாதவருக்கு வேறு சட்டம் என்றாயிற்று. இதை எதிர்த்து லோபஸ் எதிர் ஹெக்லர் என்ற பெருந்திரள் வழக்கு எழுந்தது. ஹெக்லர் என்பவர் 1983இல் பொறுப்பேற்ற சுகாதார, மனிதநலச் செயலர் மார்கரெட் ஹெக்லர்.

நிர்வாகச் சட்ட நீதிபதிகளும் தப்பவில்லை. மிகுதியாக மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்து அவர்களுடைய தீர்ப்புகளை மட்டும் தனியே ஆய்வுக்கு எடுத்தார்கள். மறுத்தே பழகியவர்களின் தீர்ப்பை யாரும் ஆயவில்லை. நீதிபதிகளின் சங்கமே வழக்குப் போட்டது. 1984இல் வாஷிங்டனில் நீதிபதி ஜாய்ஸ் கிரீன் தடையாணை தராவிட்டாலும், இந்தப் போக்கு அவர்களின் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று கண்டித்தார்.

அதற்குள் மாநில ஆளுநர்கள் பலர், இனி நிறுத்த மடல் அனுப்ப மாட்டோம் என்று தங்கள் முகமைகளுக்கு ஆணையிட்டுவிட்டார்கள். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதன்மை ஆட்சியாளர், நம்மூர் ஆளுநர் போன்றவர் அல்லர்.) கருணை மட்டுமே காரணம் அன்று. வாஷிங்டன் கைவிட்டவர்கள் மாநில நலத்தொகைக்கும் நகர மருத்துவமனைக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். செலவு அங்கே விழுந்தது. 1984 வசந்தத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஆளுநர் ஆணையாலோ நீதிமன்ற ஆணையாலோ, மறுஆய்வு நின்றோ மாறியோ போயிருந்தது. ஏப்ரலில் ஹெக்லரே நாடு முழுவதும் மறுஆய்வை நிறுத்திவைத்தார்.

1984 சட்டம்

1984 செப்டம்பர் 19 அன்று பிரதிநிதிகள் அவை 402க்கு 0 என்றும் செனட் அவை 99க்கு 0 என்றும் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. அக்டோபர் 9 அன்று ரீகன் கையொப்பமிட்டார். மருத்துவ நிலை முன்னேறியிருக்கிறது, அதனால் இவரால் வேலை செய்ய முடியும் என்று சான்றோடு காட்டினால்தான் பொதுவாகத் தொகையை நிறுத்தலாம் என்பது அதன் மையம். பல சிறு நோய்கள் உள்ளவருக்கு அவற்றைத் தனித்தனியே எடுத்துத் தள்ளிவிடாமல் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனநோய்க்கான அளவுகோல்களைப் புதிதாக எழுத வேண்டும்.

எல்ட்ரிட்ஜ் கேட்டது கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் அரசியலமைப்பு உரிமையாக அன்று. 1983 சனவரியில் கையொப்பமான ஒரு சிறு சட்டம், நிறுத்தத்தை எதிர்த்து முறையிடுபவர் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முடிவு வரும்வரை தொகையைத் தற்காலிகமாகத் தொடர்ந்து பெறலாம் என்றும், இத்தகைய வழக்குகளில் மறுபரிசீலனைக் கட்டத்திலேயே நேர்முக விசாரணை தர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. தொகை தொடர்வதை 1984 சட்டம் நீட்டித்தது, 1990இல் நிரந்தரமாயிற்று. இன்றும் அதே முறைதான். முறையிட 60 நாள் இருந்தாலும், இடையில் தொகை தொடர வேண்டுமானால் மடல் கிடைத்த 10 நாளுக்குள் கேட்க வேண்டும். அஞ்சலுக்கு 5 நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கடைசியில் தோற்றால் இடைக்காலத்தில் வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம். தள்ளுபடி கோரவும் வழி உண்டு.

கெடு கடந்தவர்கள்

60 நாளுக்குள் முறையிடாமல் விட்டுவிட்ட மனநோயாளிகளின் நிலை என்ன? நியூயார்க் நகரமும் மாநிலமும் அவர்களுக்காக வழக்குப் போட்டிருந்தன. புரூக்ளினில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் விசாரித்தபோது ஒரு செய்தி வெளிவந்தது. நோய்ப் பட்டியலில் சொல்லப்பட்ட கடுமையை எட்டாத மனநோயாளி எவரும் தனித்திறன் தேவைப்படாத வேலையாவது செய்வார் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளும்படி முகமைகளுக்கு வெளியிடப்படாத ஒரு வழிமுறை இருந்தது. ஆளை ஆளாக எடைபோட வேண்டும் என்ற அரசின் விதிக்கே அது எதிரானது. தொகையை இழந்தவருக்கோ, தம்மை வீழ்த்தியது இன்ன விதி என்று தெரியவே வழியில்லை.

வழக்கு போவன் எதிர் நியூயார்க் நகரம் என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் சென்றது. 1986 சூன் 2 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் அதே லூயிஸ் பவல். அரசே மறைத்து வைத்ததை எதிர்த்து 60 நாளுக்குள் ஏன் முறையிடவில்லை என்று கேட்க முடியாது, அந்தக் கெடு அவர்களுக்கு ஓடாது என்றார். படிப்படியான முறையீடுகளை முடிக்காமல் நேராக நீதிமன்றம் வந்ததையும் ஏற்றுக்கொண்டார். அதற்கு அவர் காட்டிய முன்தீர்ப்புகளில் ஒன்று எல்ட்ரிட்ஜ் வழக்கு. 1976இல் எல்ட்ரிட்ஜ் தோற்றாலும், மறுபரிசீலனைக்குப் போகாமல் வழக்குத் தொடர்ந்தது செல்லும் என்று அந்தத் தீர்ப்பிலேயே ஒரு பகுதி இருந்தது. 1980 முதல் 1983 வரை அந்த மறைவான வழிமுறையால் மறுக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் போன நியூயார்க் மாநில மனநோயாளிகளின் கோப்புகள், கெடு கடந்தவையும் உட்பட, மீண்டும் திறக்கப்பட்டன.